இடது சீட்டின் மூன்றாவது கியர்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே மூவரும் நலம். அவருக்கு முதுகுவலி, எனக்கு அவர் முதுகுவலியைக் கேட்டுக் கேட்டுத் தலைவலி. மற்றபடி குறையில்லை.

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போனில் பேசலாம் என்றால் காது கேட்கவில்லை என்கிறாய். செய்தி அனுப்பினால் "சரி" என்று ஒரே ஒரு சொல் வருகிறது. உன்னிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வாங்கக் கடிதத்தை விட்டால் எனக்கு வழி தெரியவில்லை.

மே மாதம் நானும் மகளும் வருகிறோம், அக்கா. மூன்று வாரம் இருப்போம். போன வருஷம் அப்பா இறந்தபோது வந்த வேகத்தில் திரும்பிவிட்டேன். உன்னோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடக்கூட இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

உன் பெண் (என் பெண்தான், ஆனால் பிடிவாதத்தில் உன் பெண்) ஒன்று கேட்கிறாள். நம் வீடியோ விளையாட்டுக் கூடத்தில் கதவோரம் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாயே, அந்த ரெட்டைக் கார் ரேஸ் மெஷின், அது ஓட வேண்டுமாம். அவளுக்கு அந்தக் கதை மனப்பாடம். சித்தப்பா இங்கிருந்து "ஒருத்தியை மட்டும் அனுப்புங்க, படிக்க வெச்சு வேலையும் வாங்கித் தரேன்" என்று எழுதியது, அப்பாவுக்கு அப்போதுதான் பக்கவாதத்தில் இடது கை விழுந்திருந்ததால் இன்னொருத்தி அவரோடு இருந்தே ஆகவேண்டும் என்றானது, பாத்திரம் கழுவுவது யார் என்பதிலிருந்து ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்பது வரை எல்லாச் சண்டையையும் அந்த மெஷினில் தீர்த்துக்கொள்ளும் நாம் இதையும் அதிலேயே தீர்த்துக்கொண்டது, எல்லாம். "எங்கம்மா ரேஸ்ல ஜெயிச்சுத்தான் இந்த நாட்டுக்கு வந்தாங்க" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

இரண்டு சீட்டும் ஓட வேண்டும், அக்கா. அவள் என்னோடு ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். உன்னால் முடியாத ரிப்பேரா?

அன்புடன்,
உன் வாலு

---

பிப்ரவரி 19

வாலுக்கு,

முப்பத்தொன்பது வயதிலும் உன்னை அப்படித்தான் கூப்பிடுவேன். பிடிக்காவிட்டால் அந்தப் பெயரை உன் மகளுக்கு எழுதி வைத்துவிடு.

முழு வாக்கியம் கேட்டாய், எடுத்துக்கொள். இருபத்தைந்து வருஷம் துப்பாக்கிச் சத்தமும் கார் உறுமலும் கேட்ட காதுக்கு இப்போது மெல்லிய சத்தம் எதுவும் எட்டுவதில்லை. டாக்டர் காதுக்கு மெஷின் வைக்கச் சொல்கிறார். அதையும் நான்தான் ரிப்பேர் பார்க்க வேண்டியிருக்கும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். கூடம் நன்றாகவே நடக்கிறது. புதிதாக ஒரு டான்ஸ் மெஷின் வந்திருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகள் அதில் ஏறிக் குதிக்கிற குதியில் தரை என்னவாகும் என்று தினமும் குனிந்து பார்க்கிறேன்.

உன் உத்தரவுப்படி ரெட்டைக் காரின் துணியை எடுத்தேன். பதினொரு தும்மல் வந்தது, எண்ணினேன். உன் வலது சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக் பெடலில் ஒரு வயர் விட்டிருந்தது, ஒட்டிவிட்டேன். என் இடது சீட்டில்தான் கியர் லிவர் தலை தொங்கிப்போய் நிற்கிறது. ஒன்றில் போட்டால் தானாக நடுவுக்கு வந்து விழுகிறது. லிவரின் அடிப்பந்து உட்காருகிற பிளாஸ்டிக் கிண்ணம் வெடித்திருக்க வேண்டும். பிரித்தால்தான் தெரியும்.

ஒரு வேடிக்கை. இந்தக் கூடத்தில் நான் பிரிக்காத பாகம் அது ஒன்றுதான். ஒரு கை விழுந்த பிறகு எல்லா மெஷினையும் என்னிடம் விட்ட அப்பா, அதை மட்டும் விடவே இல்லை. "அது என் வேலைம்மா, நீ போய் கவுண்டரைப் பாரு" என்று ஒற்றைக் கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். நான் தோற்ற சீட் என்பதால் என் மனசு நோகாமல் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது நான் திறக்கப்போகிறேன். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் மரப் பலகையில் பென்சிலால் தேதி போட்டு என்ன பழுது, என்ன செய்தேன் என்று எழுதி வைப்பது அவர் பழக்கம் என்று உனக்குத் தெரியுமோ என்னவோ. நீ எந்த மெஷினையும் திறந்து பார்த்ததே இல்லையே. போன வாரம் பந்து எறியும் மெஷினுக்குள் "பல்லி. வெளியேற்றினேன்" என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

உன் மகளிடம் என் பக்கத்துக் கதையையும் சொல். அந்த இடது சீட்டில் உட்கார்ந்து அவள் பெரியம்மா இரண்டு வருஷம் யாரிடமும் தோற்றதில்லை. அன்றைக்கு மட்டும் கடைசிச் சுற்றில், பாலத்தைத் தாண்டின மேட்டில், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டேன், விழவில்லை. மறுபடி போட்டேன், விழவில்லை. உன் சிவப்புக் கார் போய்விட்டது. முக்கியமான நேரத்தில் கை நடுங்குகிறவள் நான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் நிஜக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளக்கூடப் போகவில்லை. மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்த போட்டோக்காரர் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வருஷம் யோசித்தேன். அவர் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, ஆல்பத்தை என்னிடமே கொண்டுவந்து காட்டினார். நல்ல மனிதர்.

இதெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. நீ ஜெயித்தாய், போனாய், நன்றாக இருக்கிறாய். எனக்கு அது போதும்.

உன் அக்கா

---

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததும் எழுதுகிறேன். அந்த இடது லிவரை நீ பிரிக்க வேண்டாம். எத்தனை வருஷத்துத் தூசி, உனக்கோ தும்மல் நிற்பதில்லை. இங்கே பழைய மெஷின் பாகங்கள் விற்கிற ஒருவரைப் பிடித்துவிட்டேன். லிவர், ஸ்விட்ச், அடிப்பெட்டி எல்லாம் சேர்ந்து புதிதாகவே கிடைக்கிறது. வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன். நீ அந்தப் பழையதை மூடி திறக்காமல் அப்படியே கழற்றி வெளியே போட்டுவிடு.

அதற்கும் நேரமில்லை என்றால் ஒரு சீட் போதும். மகளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அவள் தனியாக ஓட்டினால் என்ன?

அப்பாவின் எழுத்தையெல்லாம் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்காதே, அக்கா. மனசு கனத்துப்போகும். கை நடுங்கியது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு விளையாட்டுக்குப் போய் இவ்வளவு அர்த்தம் வைத்துக்கொள்ளலாமா? போட்டோக்காரர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நீ ஏன் எழுதவில்லை?

பதில் உடனே போடு. பிரிக்கவில்லை என்று ஒரு வரி போதும்.

அன்புடன்,
வாலு

---

மார்ச் 21

தங்கைக்கு,

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே பிரித்துவிட்டேன்.

நான்கு ஸ்க்ரூ. ஒன்றின் தலை தேய்ந்திருந்தது, அதற்கே அரை மணி நேரம் ஆனது. நான் நினைத்தபடி கிண்ணம் மூன்று துண்டாக வெடித்திருந்தது. கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. உள்ளே கியருக்கு ஒன்றாக நான்கு சின்ன ஸ்விட்ச். லிவர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து ஸ்விட்சின் தகட்டை அழுத்தும், அப்போதுதான் கியர் விழுந்ததாக மெஷினுக்குத் தெரியும். மூன்று ஸ்விட்ச் பழசு, மஞ்சள் பாரித்துப்போனவை. மூன்றாவது கியருடையது மட்டும் கறுப்பு, வேறு கம்பெனி. இது எப்போது மாற்றியது என்று பார்க்கத்தான் மூடியின் உள்பக்கத்தைத் திருப்பினேன். அப்பாவின் எழுத்து இருந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"ஜூன் 13. மூன்று சில நேரம் பிடிக்கவில்லை. புது ஸ்விட்ச் வர வேண்டும். சின்னவளிடம் சொல்லி போர்டு மாட்டச் சொன்னேன்."

"ஜூன் 16. ஸ்விட்ச் மாற்றினேன்."

வருஷமும் போட்டிருக்கிறார். நீ போன அதே வருஷம். நாம் ஓட்டியது ஜூன் 14. எனக்குத் தேதி மறக்காது, உனக்கும் மறந்திருக்காது.

"பழுது" என்று சிவப்பில் எழுதிய தகரப் போர்டு அன்றைக்கு அந்தச் சீட்டில் இல்லை. இருந்திருந்தால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தப் போர்டு அந்த வாரம்தான் காணாமல் போனது. கூடம் முழுக்கத் தேடிவிட்டு நான்தான் புதிதாக ஒன்று எழுதினேன். நீ பக்கத்தில் நின்று, எழுத்து கோணல் என்று கேலி செய்தாய்.

மூன்று கேள்வி கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுது. அப்பா உன்னிடம் சொன்னாரா? நீ மறந்தாயா, மறைத்தாயா? நாம் அந்தச் சீட்டில் ஓட்டினோம் என்பது பிற்பாடு அப்பாவுக்குத் தெரியுமா?

அக்கா

---

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

சொன்னார். மறக்கவில்லை. மறைத்தேன்.

இந்த மூன்று சொல்லை எழுத எனக்குப் பத்து நாள் ஆனது. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

போர்டு அன்றைக்கு என் மடியிலேயே இருந்தது. கயிறு அறுந்திருந்ததால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ வந்தாய். "இழுத்துக்கிட்டே இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லதில்ல, இன்னைக்கே முடிச்சுக்கலாம் வாடி" என்று சொல்லிக்கொண்டே போய் இடது சீட்டில் உட்கார்ந்துவிட்டாய். நான் வாயைத் திறந்தேன். சில நேரம்தானே பிடிக்காது, பிடித்தாலும் பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடிக்கொண்டேன். போர்டைக் கவுண்டருக்கு அடியில் என் பைக்குள் போட்டேன். சத்தம் போடாமல் உள்ளே இறக்கினது இன்றைக்கும் கையில் இருக்கிறது.

முதல் சுற்றில் பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. நான் தோற்றுக்கொண்டிருந்தேன். அப்பாடா, அந்தப் பாவம் என்மேல் விழாது என்றுகூட நினைத்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய். கடைசிச் சுற்றில் உன் லிவர் சத்தம் கேட்டது. திரும்பத் திரும்ப நீ போட்டுக்கொண்டே இருந்தாய். நான் உன் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் நீ எழுந்து "நீ போடி, சந்தோஷமா போ" என்றாய். நீ அழுதிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமும் உன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு வாழ்ந்தேன். அவ்வளவு கேவலமானவள் நான்.

நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு பயணம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். உன் கையைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எதை எடுத்துக்கொண்டு வந்தேன் என்று தெரிந்தது.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது, அக்கா. நான் போர்டு மாட்டிவிட்டேன் என்றுதான் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். நாம் சீட்டுக் குலுக்கிப் போட்டோம், அதில் என் பெயர் வந்தது என்று அவரிடம் சொல்லி வைத்தேன். அவர்மேல் ஒரு குறையும் வைக்காதே. எல்லாம் நான் ஒருத்தி செய்தது.

மகளிடம் மூன்று நாளைக்கு முன் உண்மையைச் சொன்னேன். அதிலிருந்து பேசவில்லை. நேற்று மட்டும், "பெரியம்மா இனிமே நம்மள வரச் சொல்வாங்களா?" என்று கேட்டாள். டிக்கெட்டை ரத்து செய்யவா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அந்தத் தகரப் போர்டு இங்கேதான் இருக்கிறது. எங்கே போடுவது என்று தெரியாமல் பெட்டியில் வைத்தேன், அப்படியே கூட வந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் நான்கு வீடு மாறியாயிற்று. தூக்கிப்போட முடியவில்லை.

உன் தங்கை என்று போட இன்னும் உரிமை இருந்தால்,
உன் தங்கை

---

ஏப்ரல் 24

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்துவிட்டுக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி மறுபடி படித்தேன். கோபம் இருக்கிறது. கூடத்தைக் கூட்டும்போது இருக்கிறது, சாப்பிடும்போது இருக்கிறது. டோக்கன் மாற்ற வந்த ஒரு பெண்ணிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். உன்னால்தான்.

ஆனால் நானும் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். அந்த மூடியில் இருந்தவை இரண்டு வரியில்லை. ஜூன் 16-இன் கீழே இன்னொரு வரி இருந்தது. அதை வேண்டுமென்றே விட்டுவிட்டு எழுதினேன்.

"பெரியவளிடம் சொல்ல வேண்டாம் என்று சின்னவளிடம் சொன்னேன்."

ஆக, அவருக்குத் தெரியும். அவர்தான் உன் வாயையும் கட்டினார். மூன்றாவது கேள்வியை நான் கேட்டது பதில் தெரியாமல் இல்லை. மாட்டிக்கொண்டதும் செத்துப்போன மனிதரைக் கைகாட்டிவிட்டு நீ நழுவுகிறாயா என்று பார்க்கத்தான். அப்படி நீ ஒரு வரி எழுதியிருந்தால் "வர வேண்டாம்" என்று எழுதி அனுப்பியிருப்பேன். உறையில் உன் முகவரிகூட எழுதி வைத்துவிட்டேன். நீ என்னவென்றால் சீட்டுக் குலுக்கினோம் என்று கதை விட்டிருக்கிறாய். ரேஸில் தோற்றுவிட்டேன் என்று அன்றைக்கே அப்பாவிடம் போய் அழுதவள் நான், தெரியுமா? பொய் சொல்ல உனக்கு இன்னும் வரவில்லை.

எனக்கு அப்பாவாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாய். அது புரிந்தது. அந்த இடத்தில்தான் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

அப்பாவை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பதினேழு வருஷம் அவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டேன். ஒவ்வொரு காலையிலும் வலது கையால் என் தலையைத் தடவுவார். அந்த வரியை எழுதியதும் அதே கைதான். "போகாதம்மா, என்கூட இரு" என்று என்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் இருந்திருப்பேன். இது அவருக்குத் தெரியாமல் போனதுதான் என்னைத் தின்கிறது. நீயும் கேட்டிருக்கலாம். உனக்கு விட்டுக்கொடுத்திருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், சண்டைதான் போட்டிருப்பேன். ஆனால் என் வாழ்க்கையைப் பற்றிய சண்டையில் நானும் இருந்திருப்பேன்.

ஸ்டுடியோ இருந்த மாடியில் இப்போது தையல் வகுப்பு நடக்கிறது. அதை நீ திருப்பித் தர முடியாது. அதற்காக நீ அழுதுகொண்டு வந்து நிற்கவும் வேண்டாம்.

இந்த ஐந்து வாரமாக என் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நடுங்கவில்லை. எப்போதுமே நடுங்கியதில்லை. அரிசியளவு ஸ்க்ரூவை ஒரே தடவையில் உட்கார வைக்கிற கை இது. பதினெட்டு வருஷம் இதன்மேல் அபாண்டம் சுமத்தியிருக்கிறேன். டிரைவிங் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். இரண்டு நாளாக மூன்றாவது கியர் வரை போகிறோம். "மூணு போடறப்ப மட்டும் ஏன் மேடம் கண்ண மூடறீங்க?" என்று கேட்கிறார் சொல்லித் தருகிறவர். அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

லிவர் வேலை முடிந்தது. லேத்துக்காரரிடம் கொடுத்து நைலானில் புதுக் கிண்ணம் கடைந்து போட்டேன். ஸ்விட்சின் 'டிக்' சத்தம் என் காதுக்கு எட்டாது. அதனால் ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை ஸ்விட்சின்மேல் வைத்து, இன்னொரு முனையைத் தாடை எலும்பில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன். எலும்புக்கு நன்றாகக் கேட்கிறது.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய். இந்தக் குடும்பத்தில் இதுவரை சொன்னது போதும். ஏர்போர்ட்டுக்கு வர மாட்டேன், நேராகக் கூடத்துக்கு வாருங்கள். பெட்டியில் புது லிவர் எதுவும் வேண்டாம், அந்தத் தகரப் போர்டை மட்டும் எடுத்து வா. வந்த அன்றைக்கே நீயும் நானும் மூன்று சுற்று ஓட்டுகிறோம். இடது சீட்டில் நான்தான் உட்காருவேன். உன் மகள் நடுவில் நின்று பார்க்கட்டும்.

மூடியை மாட்டுவதற்கு முன், அப்பாவின் வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பென்சிலை எடுத்து நானும் எழுதினேன்.

"ஏப்ரல் 24. நான்கும் பிடிக்கிறது. சின்னவளிடம் சொல்லிவிட்டேன்."

அக்கா